அட்சயமாவது எது?

பெங்களூரில் ஒரு சத்சங்கம் முடிந்ததும் பக்தை ஒருவர் தயங்கியபடி அருகில் வந்தார். "சுவாமிஜி, நாளை அட்சய திருதியை. கையில் பணமில்லை. அன்று ஒரு கிராம் தங்கமாவது வாங்காத வீட்டில் ஆண்டு முழுவதும் லட்சுமி தங்கமாட்டாள் என்கிறார்கள். கடன் பட்டாவது வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். அவரது குரலில் ஆசை இல்லை, அச்சமே இருந்தது.

விலையையும் பயனையும் சீர்தூக்கிப் பார்த்தே மனிதன் ஒரு பொருளை வாங்குகிறான் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. நாம் பணப்பையைத் திறக்கும் முன்பே குல வழக்கமும், உற்றார் பேச்சும், சிறுவயது முதல் கேட்டவையும் நமக்காக முடிவெடுத்து விடுகின்றன. மனத்தில் ஆழப் பதிந்த இவற்றையே நம் சாஸ்திரங்கள் சம்ஸ்காரங்கள் என்கின்றன.

அந்த ஒரே நாளைப் பெங்களூரில் பாருங்கள். நகைக் கடைகளில் கூட்டம் அலைமோதுகிறது. அதே திருதியை நாளே கர்நாடகத்தில் பசவ ஜயந்தி. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவண்ணர், நேர்மையான உழைப்பாகிய 'காயகத்தையும்', அதன் பயனைப் பணிவுடன் பகிர்ந்தளிக்கும் 'தாசோகத்தையும்' போதித்தவர். ஜைனர்களுக்கோ அது ரிஷபதேவர் நெடிய உபவாசத்தைக் கரும்புச் சாற்றினால் நிறைவு செய்த நாள். ஓராண்டு வர்ஷீதப நோன்பு நோற்றோர் அன்று கரும்புச் சாறு பருகி நோன்பை முடிக்கின்றனர். நாள் ஒன்றே. ஒருவரை அது கடைக்கு அனுப்புகிறது. ஒருவரைப் பந்தி பரிமாறச் செய்கிறது. ஒருவரைத் தவத்தில் நிறுத்துகிறது. வேறுபாடு நாளில் இல்லை, சம்ஸ்காரத்தில் இருக்கிறது.

நம் வீட்டு முதியவர்களைக் கேட்டால், இந்த நாளில் தண்ணீர்க் குடம், தயிர்சாதம், குடை, விசிறி ஆகியவற்றைத் தானம் செய்ததைச் சொல்வார்கள். 'அட்சயம்' என்றால் குறையாதது. வனவாசத்தில் தருமபுத்திரர் சூரியனிடம் பெற்ற அட்சய பாத்திரம் விருந்தினரின் பசி தீர்க்கவே வந்தது. திரௌபதி உண்ணும்வரை அதில் உணவு குறையாது; அவள் உண்டதும் அன்றைக்கு அது ஓய்ந்துவிடும். எல்லோருக்கும் இட்டபின் உண்பதே குறையாமையின் ரகசியம். இதில் கொடுப்பதை மறந்துவிட்டுச் சேர்ப்பதை மட்டும் நாம் எப்போது பிடித்துக்கொண்டோம்?

தங்கம் வாங்குவது பாவம் என்பதல்ல இதன் பொருள். ஆபத்துக் காலத்தில் எத்தனையோ குடும்பங்களைத் தாயின் வளையல்கள் காப்பாற்றியிருக்கின்றன. ஆனால், தேவைக்கு வாங்குவது வேறு; அச்சத்தாலும் பிறர் கண்ணுக்காகவும் வாங்குவது வேறு. இரண்டையும் பிரித்தறிவதே விவேகம்.

ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கங்கைக் கரையில் அமர்ந்து, ஒரு கையில் நாணயத்தையும் மறு கையில் மண்ணையும் வைத்து விசாரம் செய்து, இரண்டும் சமமே என்று தெளிந்து நீரில் எறிந்தார். உடனே அவருக்கும் ஓர் அச்சம் எழுந்ததாம்: லட்சுமி தேவி கோபித்துக்கொண்டு உணவை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? அதற்காக அவர் நாணயத்தைத் தேடி நீரில் இறங்கவில்லை. தம் இதயத்திலேயே வந்து தங்கும்படி தேவியை வேண்டிக்கொண்டார்.

இதையே அந்த பக்தையிடம் சொன்னேன். "கடனுடன் வருகிற பொன் கவலையையும் கூடவே அழைத்து வரும், அம்மா. நாளை வெயிலில் உழைக்கும் நாலு பேருக்கு நீர்மோர் கொடுங்கள். லட்சுமியை இதயத்தில் இருக்கும்படி வேண்டுங்கள்" என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "மோருக்குக் கடன் வேண்டாம், சுவாமிஜி" என்று கூறிச் சிரித்தார்.

அன்பர்களே, மரபு நமக்குத் தந்த பண்டிகைகளை விட்டுவிட வேண்டாம். அவற்றின் பொருளை மீட்டுக்கொள்வோம். அடுத்த முறை கடைவாசலில் நிற்கும்போது, 'இதை வாங்குவது என் தேவையா, என் அச்சமா?' என்று ஒரு கணம் கேட்டுப் பார்ப்போம். அந்த விவேகத்தை அன்னை நம் அனைவருக்கும் அருள்வாளாக!