கூலியும் அருளும்: கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படை

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் உழைப்பைக் கணக்கிடும் முறை, அங்கு வேலைக்கு வருவோர் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடமாகும். பவர் டேபிளில் தைக்கும் டெய்லர்கள் பெரும்பாலும் பீஸ் ரேட்டிலும், செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளில் இருப்போர் ஷிப்ட் கணக்கிலும் கூலி பெறுகின்றனர். காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும் நாள் ஒன்றரை ஷிப்டாகக் குறிக்கப்பட்டு, சனிக்கிழமை மாலை வாரக் கணக்கு தீர்க்கப்படுகிறது. செய்த வேலைக்கு ஏற்ற கூலி என்னும் இந்த நியதி நேர்மையானது. செய்த வினையின் பயனைச் செய்தவரே அனுபவிப்பார் என்று தமிழ் மண்ணில் நெடுங்காலமாக வேரூன்றிய சமயச் சிந்தனையோடும் அது இயல்பாக ஒத்துப்போகிறது. எனவே இந்த ஊரில் கிறிஸ்தவ நம்பிக்கையைப் புதிதாக அறிய வரும் ஒருவர், கடவுளும் மனிதரின் நன்மை தீமைகளைக் குறித்துவைத்து முடிவில் கணக்குத் தீர்ப்பவரே என்ற எண்ணத்தோடு வருவதில் வியப்பில்லை. அந்த எண்ணத்தைத் தொடாமல் மற்றக் கோட்பாடுகளை எத்தனை விரிவாகச் சொன்னாலும் அவை பாடமாகுமே தவிர, விளங்கியதாகா.

புதியவர்களுக்கு நம்பிக்கையைச் சொல்லித்தரும் பணி, அதாவது ஞானோபதேசம், தமிழில் மிகப் பழமையானது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழறிந்தோர் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் இயேசு கற்பித்த செபத்தையும் தமிழாக்கி, தெருவில் மணியடித்துச் சிறுவரைக் கூட்டி மனப்பாடம் செய்வித்தார். அவரைத் தொடர்ந்து பணியாற்றிய அன்றிக்கே அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமே கொண்ட ஞானோபதேச நூல். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் அதுவே முதலாவது. அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான ‘கிரிசித்தியானி வணக்கம்’ வினா விடை வடிவில் அமைந்தது. இந்தியாவில் தமிழ் அச்சுக்கலையே புதியவருக்கு நம்பிக்கையை விளக்கும் தேவையிலிருந்துதான் பிறந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஆயினும் வினாவையும் விடையையும் ஆசிரியரே எழுதிவைக்கும் முறையில், கேட்பவரின் மனத்தில் உண்மையாகவே எழும் கேள்விக்கு இடம் கிடைப்பது அரிது.

அந்த மனப்பாடத்தின் மையமான விசுவாசப் பிரமாணம், கத்தோலிக்கர் நம்பிக்கை அறிக்கை என்று வழங்குவது, கிறிஸ்தவர்கள் எதை நம்புகின்றனர் என்பதற்கான மிகச் சுருக்கமான வாக்குமூலமாகும். அது மூன்று பகுதிகளாக நடக்கிறது: முதற்பகுதி வானத்தையும் பூமியையும் படைத்த தந்தையாகிய கடவுளைப் பற்றியது, நடுப்பகுதி அவருடைய மகனாகிய இயேசு கிறிஸ்துவின் பிறப்பு, பாடு, மரணம், உயிர்த்தெழுதல் ஆகியவற்றைச் சொல்வது, இறுதிப்பகுதி தூய ஆவியையும், திருச்சபையையும், பாவ மன்னிப்பையும், இறந்தோர் உயிர்த்தெழுவதையும் முடிவில்லா வாழ்வையும் அறிக்கையிடுவது. இவற்றினிடையே பொந்தியு பிலாத்து என்ற ஓர் உரோமை ஆளுநரின் பெயர் வருவது புதியவரின் கண்ணில் படவேண்டிய செய்தி. கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவை ஆண்ட அந்த அதிகாரிக்கு நம்பிக்கையில் பங்கேதுமில்லை. எனினும் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட நாட்டில் நடந்தது என்பதை நிலைநிறுத்தவே அவர் பெயர் ஞாயிறுதோறும் உலகெங்கும் ஒலிக்கிறது. கிறிஸ்தவம் தன் மையத்தில் ஒரு தத்துவத்தை வைக்காமல் ஒருவருக்கு நேர்ந்ததை வைத்திருக்கிறது.

அந்த ஒருவர் கடவுளைப் பற்றிச் சொன்னதில் கூலிக் கணக்கோடு நேருக்கு நேர் மோதும் உவமை ஒன்று மத்தேயு நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில் உள்ளது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைவெளியில் நின்ற ஆட்களை, நாள் ஒன்றுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி வேலைக்கு அனுப்புகிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் மேலும் சிலரை அனுப்புகிறார். மாலை ஐந்து மணிக்கும் ஒருவரும் வேலைக்கு அழைக்காமல் நின்றவர்களைக் கண்டு அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும், கடைசியில் வந்தவரிலிருந்து தொடங்கி எல்லாருக்கும் ஒரே அளவாக ஒரு நாள் கூலி கொடுக்கப்படுகிறது. நாள் முழுதும் வெயிலில் உழைத்தவர்கள் முணுமுணுக்கின்றனர். பவர் டேபிளில் இப்படி நடந்தால் யாரும் முணுமுணுக்கவே செய்வர். அந்த முணுமுணுப்பின் நியாயத்தை உணராதவருக்கு உவமையின் கூர்மையும் தெரியாது. பேசிய கூலி ஒருவருக்கும் குறைக்கப்படவில்லை என்பதே தோட்டக்காரரின் மறுமொழி. கடைசியில் வந்தவருக்குக் கிடைத்ததோ அவர் ஈட்டியது அன்று, கொடுப்பவரின் நன்மனத்திலிருந்து வந்தது. அந்த நாள் கூலி இல்லாவிட்டால் அவர் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்திராது என்பதையும் கேட்டோர் அறிந்திருந்தனர்.

ஈட்டாமல் பெறும் இந்த ஈவையே கிறிஸ்தவர்கள் அருள் அல்லது கிருபை என்கின்றனர். இதைக் கோட்பாடாக வகுத்துரைத்த பவுல், கொரிந்து நகரில் கூடாரம் செய்யும் தொழிலில் தம் கையால் உழைத்துப் பிழைத்தவர்; உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 4-ஆம் அதிகாரத்தில், உழைத்தவர் பெறும் கூலி அவருக்கு வரவேண்டிய கடனே ஒழிய நன்கொடை ஆகாது என்று வேறுபடுத்தி, கடவுளின் மன்னிப்பு இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று காட்டினார். அருள் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு விடையாகத்தான் பாவம் என்ற சொல் வருகிறது. தனித்தனித் தவறுகளின் பட்டியல் என்பதைவிட ஆழமான பொருள் அதற்கு உண்டு: மனிதர் தம்மைப் படைத்தவரை விட்டு விலகி, தம்மையே மையமாக்கிக்கொண்டு, அதனால் பிறரையும் காயப்படுத்தும் நிலையே பாவம். அந்த விலகலை எத்தனை நற்செயலாலும் ஈடுகட்ட இயலாது என்றும், விலகியவரைத் தேடிக் கடவுளே வந்தார் என்றும் கிறிஸ்தவம் சொல்கிறது.

அவ்வாறு வந்ததையே மனிதராதல் என்பர். அவதாரம் என்ற கருத்தை அறிந்த தமிழருக்கு இது அயலானதன்று. ஆயினும் கிறிஸ்தவ நம்பிக்கையின்படி இது ஒரே ஒருமுறை நிகழ்ந்தது, பசியும் களைப்பும் அச்சமும் உள்ள முழு மனித வாழ்வாக நிகழ்ந்தது, தீயவரை அழிப்பதில் முடியாமல் தீயவர் கையில் சாவதில் முடிந்தது. இந்த ஒப்புமையையும் வேற்றுமையையும் கவனமாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கொங்கு நாட்டுக்கு உரியவராகவும் ஆனார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950-இல் அமைந்த அதன் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமியே அவர். 1891-இல் பாளையங்கோட்டையில், சைவத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த தந்தைக்குப் பிறந்த அவர், யோவான் நற்செய்தியையும் இந்தியப் பக்தி மரபையும் ஒப்பிட்டு ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்து, 1927-இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் ஆங்கில நூலை வெளியிட்டார். கடவுளோடு ஒன்றாவது என்பது அவரோடு இரண்டறக் கரைந்து ஒரே பொருளாகிவிடுவது அன்று, அன்பில் அவருள் நிலைத்திருப்பதே என்று அவர் வாதிட்டதில், சங்கரரைவிட இராமாநுசருக்கு நெருக்கமான பார்வை தெரிகிறது. சிலுவையின் பொருளை அவர் போதிய அழுத்தத்தோடு சொல்லவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. ஆனால் புதியவர் ஏற்கெனவே அறிந்திருக்கும் பக்தியை வெறும் இருளென்று தள்ளாமல் அதிலிருந்து பேசத் தொடங்கிய அவருடைய மரியாதை, கற்பிப்போர் யாவரும் கைக்கொள்ளத்தக்கது.

சிலுவை, உரோமையர் அடிமைகளையும் கலகக்காரரையும் கொன்ற கொலைக்கருவி. அதில் இறந்தவர் மனிதரின் பாவத்தைத் தம்மேல் ஏற்றார் என்பதும், மூன்றாம் நாள் கடவுள் அவரை உயிரோடு எழுப்பினார் என்பதும் பிரிக்க முடியாத இரு செய்திகள். கிறிஸ்து எழவில்லை என்றால் நம்பிக்கை முழுவதும் வீணே என்று பவுலே எழுதியிருக்க, உயிர்த்தெழுதலை உருவகமாக மட்டும் கொள்ளும் விளக்கம் எத்தனை இனிமையானதாயினும் திருச்சபை அறிக்கையிடும் நம்பிக்கையாகாது. மூவொரு கடவுள் என்ற கோட்பாடும் இதிலிருந்தே எழுந்தது: தந்தை, மகன், தூய ஆவி ஆகிய மூவரும் மூன்று கடவுளர் அல்லர், ஒரே கடவுள் என்று 325-இல் நீக்கேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் அறிக்கையிட்டன. புதியவர் இதை முதல் நாளே விளங்கிக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்துவது தவறு. முதற் சீடர்களுக்கே அது இயேசுவோடு நடந்தபின் மெல்லத் தெளிந்த உண்மை.

நம்பியவர் தனித்து நிற்பதில்லை. திருமுழுக்கு அல்லது ஞானஸ்நானம் என்னும் நீர்ச்சடங்கால் திருச்சபையில் சேர்ந்து, அப்பமும் இரசமும் பகிரும் திருவிருந்தில் பங்குகொள்கிறார். அத்தகைய அருட்சாதனங்கள் ஏழு என்று கத்தோலிக்கரும், கிறிஸ்து நேரே நிறுவியவை இவ்விரண்டே என்று தென்னிந்தியத் திருச்சபை உள்ளிட்ட சீர்திருத்தச் சபையினரும் கொள்கின்றனர். கருமத்தம்பட்டி செபமாலை அன்னை ஆலயத்தின் அக்டோபர் திருவிழாவில் கூடும் கூட்டத்தையும், திருப்பூரில் வாடகை அறையில் ஞாயிறு மாலை கூடும் சிறு செபக்குழுவையும் அருகருகே பார்க்கும் ஒருவருக்கு இரண்டும் ஒரே சமயமா என்ற ஐயம் எழுவது இயல்பு. வழிபாட்டு முறையில் எத்தனை வேறுபட்டாலும், மேற்சொன்ன அறிக்கையை ஏற்பதில் இவை ஒன்றே. ஒரே பந்தியில் அமர்வோரிடையே உயர்வு தாழ்வு இல்லை என்று கற்பித்த திருச்சபை, தமிழ்நாட்டில் ஆலய இருக்கைகளையும் கல்லறைத் தோட்டங்களையும் சாதிவாரியாகப் பிரித்த வரலாற்றைப் புதியவரிடம் மறைக்கக்கூடாது. ஈட்டாமல் பெற்றோரிடையே பெருமைக்கு இடமில்லை என்பதால், அந்தப் பிரிவினை அருளையே மறுத்த செயலாகும்.

அருள் இலவசம் என்றால் நல்லொழுக்கம் எதற்கு என்று கேட்பவர் சரியான கேள்வியையே கேட்கிறார். மன்னிக்கப்பட்டவர் மன்னிப்பார், பெற்றவர் கொடுப்பார் என்பதே விடை. செயலில் வெளிப்படாத நம்பிக்கை செத்தது என்று யாக்கோபின் கடிதம் கடுமையாகவே சொல்கிறது. அக்கடிதத்தின் 5-ஆம் அதிகாரம், வயலை அறுத்தவர்களுக்குக் கொடாமல் பிடித்துவைத்த கூலி கடவுளின் செவி எட்டக் கூக்குரலிடுவதாகக் கூறிச் செல்வரை எச்சரிக்கிறது. கடவுளின் அருளுக்குக் கணக்கில்லை என்று ஆலயத்தில் பாடிவிட்டு, சனிக்கிழமை தீர்க்கவேண்டிய கூலியை அடுத்த வாரத்துக்குத் தள்ளும் முதலாளிக்கு இந்த எச்சரிக்கை நேரே பொருந்தும். அருள் கடவுளின் கொடை, கூலியோ மனிதரின் கடன், ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தட்டிக்கழிக்க இயலாது. அதுபோலவே, பண உதவியையோ வேலையையோ நோய் நீங்கும் என்ற உறுதியையோ முன்வைத்து ஒருவரை நம்பிக்கைக்கு அழைப்பது, விலையின்றித் தரப்பட்டதற்கு விலை வைப்பதாகும். அப்படி அழைக்கப்படும் எவரும் மறுத்துவிடுவதே நல்லது.

உண்மையாகவே அறிய விரும்புவோர் கோட்பாட்டு நூல்களை ஒத்திவைத்து, நான்கு நற்செய்திகளில் மிகச் சிறியதான மாற்கு நற்செய்தியை முதலில் படிக்கலாம். அதன் 16 அதிகாரங்களையும் ஓய்வு நாளான ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலேயே படித்து முடிக்கலாம். அதன்பின் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தையும், பிறகு விசுவாசப் பிரமாணத்தையும் எடுத்துக்கொண்டு, விளங்காதவற்றைக் குறித்துவைத்து, அருகிலுள்ள ஆலயத்தின் குருவிடமோ ஆயரிடமோ தயங்காமல் கேட்க வேண்டும். கேட்பவருக்குப் பொறுமையாக விடை சொல்வது அவர்களின் கடமை.