சிதைப்பது மறுமொழி ஆகாது

மட்டாஞ்சேரி அரண்மனையின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் ஓவியமாக விரிகிறது. போர்த்துக்கீசியர் 1555-ஐ ஒட்டிக் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்த அரண்மனை அது. அந்தச் சுவரில் நகத்தால் கீறினாலும் குற்றம். 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் உண்டு. அதே கொச்சியில், 2012 டிசம்பரில் தொடங்கிய முதல் பைனாலே கலைவிழாவின்போது, ஆஸ்திரேலிய ஓவியர் டேனியல் கானல் டீக்கடைக்காரர் ஒருவரின் முகத்தைச் சுவரில் கரியால் பெரிதாக வரைந்தார். யாரோ அதைச் சிதைத்தார்கள். அரசனின் பள்ளியறைக்குக் காவல் உண்டு. உழைப்பவரின் முகத்துக்கு இல்லை. ஆனால் இரண்டிலும் பறிபோவது ஒன்றுதான்: நாளை வருபவர் தானே பார்த்துத் தானே தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு. பழமையும் விலையும் தண்டனையைக் கூட்டலாம், குறைக்கலாம். தவறு தவறாவது அவற்றால் அல்ல. மழையில் கரையும் கரிதானே என்பார்கள். மழைக்கு ஓவியர் சம்மதித்திருந்தார், சிதைத்த கைக்கு அல்ல.

மனம் புண்பட்டவர் என்ன செய்வார் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 2025 அக்டோபரில் எறணாகுளம் தர்பார் ஹால் கலைக்கூடத்தில், நார்வேயிலிருந்து வந்த ஹனான் பெனம்மாரின் அச்சுப் படைப்புகள் ஆபாசம் என்று கிழிக்கப்பட்டன. அவற்றில் மலையாளத்தில் இருந்தவை அவர்மீது பிறர் எறிந்த வசைச்சொற்கள். வசைபாடியவர்களைக் காட்ட வைத்த சான்றே அவருக்கு எதிரான குற்றச்சாட்டு ஆகிவிட்டது. நின்று வாசித்திருந்தால் கை தயங்கியிருக்கும். வாசித்த பிறகும் கோபம் தீரவில்லை என்றால் புகார் கொடுக்கலாம், வாசலில் நின்று முழக்கமிடலாம், எதிர்ப்படம் வரையலாம். இவை எல்லாம் படைப்பை மிச்சம் வைக்கின்றன. பார்ப்பவர் இரு தரப்பையும் ஒப்பிடலாம். கிழிப்பது ஒரு தரப்பை மட்டுமே மிச்சம் வைக்கிறது.

அப்படியானால் சுவரெழுத்தும் குற்றமா? தேர்தலுக்கு முன்பே சுண்ணாம்பு அடித்துக் கட்சிப் பெயரையும் ஆண்டையும் எழுதி, ‘புக்டு’ (முன்பதிவு) என்று சுவர் பிடிப்பது கேரளத்தில் பழகிய காட்சி. பத்திரிகையில் இடம் கிடைக்காதவர்களுக்குச் சுவர்தான் பத்திரிகை. அதை முழுவதும் துடைத்தெடுக்கச் சொல்வது வசதி உள்ளவர்களின் வாதம். உடைமையாளர் சம்மதத்தோடு, வெறும் சுவரில், தன் பெயரைப் போட்டு எழுதுபவர் தன் சொல்லுக்குப் பொறுப்பேற்கிறார். இன்னொருவர் வரைந்ததன்மேல் பூசுபவருக்கு அந்த நியாயம் பொருந்தாது. கட்சிகள் தங்கள் சுவர்பிடிப்பாளர்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வெறும் சுவர் உங்களுடையது, வரைந்த சுவர் உங்களுடையது அல்ல.