நெய்தவரை நினைவுகூர்தல்

காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் ஒரு முதியவர் மறைந்தால் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் அவருடைய படமும், தோற்றம், மறைவு ஆகிய இரு தேதிகளும், மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகளின் பெயர்களும் நிறைந்திருக்க, வாழ்நாளெல்லாம் அவர் செய்த வேலையைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. கடுமையான உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர் என்று இரங்கல் கூட்டத்தில் பேசுவோர் சொல்வது உண்மையே ஆயினும், அந்தப் புகழுரை எந்த உழைப்பாளிக்கும் பொருந்திவிடுகிறது. ஆகவே, இன்ன மனிதர் இன்ன விதத்தில் உழைத்தார் என்று அறியாத நினைவு அவரை நினைத்ததாகுமா என்ற கேள்வி எழுகிறது.

அந்த முதியவர் அமர்ந்தது குழித்தறியில். அதாவது, தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தி நெய்யும் கைத்தறியில். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் சேலையில், நாடா எனப்படும் குறுக்கிழை ஓட்டும் கருவிகள் மூன்றைக் கொண்டு, ஒவ்வொரு வரியிலும் கரையின் இழையை உடலின் இழையோடு கோத்து நெய்யும் முறை கோர்வை எனப்படும். இதற்கு ஒருவர் கை போதாது என்பதால், பக்கத்தில் அமர்ந்து நாடா தள்ள மகனோ மனைவியோ வேண்டியிருந்தது. தறியில் ஏற்றிய பாவு, அதாவது நீளவாட்டு இழைத்தொகுதி, முடியும் தறுவாயில் புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பழைய இழையின் நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி இணைக்க வேண்டும். முடிச்சுப் போட்டால், இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சின் பல்லில் சிக்கும் என்பதால், முறுக்கு மட்டுமே இழையைத் தாங்க வேண்டும். தளர்ந்தால் பிரியும், மிகுந்தால் அறும். இந்த அளவு எழுத்தில் எங்கும் இல்லை. விரலுக்கு மட்டுமே தெரிந்த அந்த அறிவு விரலோடு போய்விடும் என்பது, ஒரு நூலகம் தீக்கிரையாவதற்கு ஈடான இழப்பாகவே கருதத்தக்கது.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கிறது, ஆனால் நெய்தவர் பெயரைச் சேலை சொல்வதில்லை. வீட்டுக்குள்ளும் இதே மறைப்பு நடந்திருக்கிறது. சேலைக்கு இவ்வளவு என்று பேசிய கூலி குடும்பத் தலைவர் பெயரில் எழுதப்பட்டது. நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலான தாரில் நூலைச் சுற்றிக் கொடுத்து, சமைத்து, பிள்ளை பார்த்து, இடையிடையே தறியிலும் அமர்ந்த மனைவியின் உழைப்பு அந்தக் கூலிக்குள்ளேயே கரைந்தது. எனவே குடும்பத் தலைவரை மட்டும் உழைப்பாளி என்று போற்றுவது அவருக்கே நியாயம் செய்வதாகாது. அவர் தனியாக ஒரு சேலையும் நெய்ததில்லை.

மனைவியின் நிலை இது என்றால், பிள்ளையின் நிலை வேறு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரின் துணையோடு நடக்கும் வீட்டுப் பட்டறைகளுக்கு விலக்கு அளித்திருந்தது. ஆகவே மகனைத் தறியில் உட்கார வைத்திருந்தாலும் பலரைச் சட்டம் தடுத்திருக்காது. அப்படியிருந்தும், பக்கத்துணைக்குக் கூலி கொடுத்து ஆள் வைத்து, முதலாளியிடம் வாங்கிய முன்பணக் கடன் கூலியில் பிடிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தந்தையர் பலர். பிள்ளைக்கு அந்த வேலை வேண்டாம் என்பதே அவர்கள் பிள்ளைக்குக் காட்டிய அன்பு. அந்த விருப்பம் நிறைவேறியதன் விளைவாகத்தான் இன்று அலுவலகம் செல்லும் மகனுக்கு அச்சும், பாவிழைகளைத் தூக்கி இறக்கும் விழுதும் எவை என்று தெரியவில்லை. இந்த மறதியை நன்றியின்மை என்று பழிப்பது தவறு, ஏனெனில் தந்தையே விரும்பிக் கொடுத்த விலை அது. ஆனால் அதற்காக மறதியை அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. தார் சுற்றிய தாய் பல வீடுகளில் இன்னும் இருக்கிறார். எந்தக் கரை நெய்யத் தந்தைக்குப் பிடித்தது, எந்த மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறி வேலை நின்றது, எந்தச் சேலையின் கூலி எந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போனது என்பதையெல்லாம் அந்தத் தாயிடம் கேட்டு எழுதி வைக்க ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும்.