கூடப்பிறந்தவரின் கோபம் பாவமா?

1919 ஜனவரி 18 அன்று, இங்கிலாந்தின் சாண்டிரிங்ஹாமில் உள்ள வுட் ஃபார்ம் வீட்டில் 13 வயது இளவரசர் ஜான் வலிப்பு வந்து இறந்தார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கடைசிப் பிள்ளை. நான்கு வயதிலேயே தொடங்கிய நோய். கடைசி ஆண்டுகளில் குடும்பத்தைப் பிரிந்து, லாலா என்ற தாதியின் பராமரிப்பில் இருந்தார். மூத்த அண்ணன் எட்வர்டுக்கு அந்தச் சாவு ஒரு தொந்தரவாகவே பட்டது. காதலிக்கு எழுதிய கடிதத்தில் தம்பியை மிருகத்தோடு ஒப்பிட்டார். தாய்க்கும் ஈரமில்லாமல் எழுதிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்.

எட்வர்டைத் திட்டுவது சுலபம். பதினொரு வயது இளைய தம்பியோடு அவர் சேர்ந்து வளரவே இல்லை.

ஒரே வீட்டில் வளர்ந்தால்? பிரெஞ்சு ஓவியர் டேவிட் பே.யின் அண்ணனுக்கு 1964இல் வலிப்பு தொடங்கியது. அப்போது அண்ணனுக்கு ஏழு வயது, இவருக்கு ஐந்து, தங்கைக்கு நான்கு. பெற்றோர் அக்குபங்சர், மேக்ரோபயாடிக் உணவு, ஆவியுலகத் தொடர்பு என்று எதையும் விடவில்லை. மூன்று பிள்ளைகளும் அந்த அலைச்சலில் கூடவே இழுபட்டார்கள். தம்பி தாள் தாளாகப் போர்க்களங்களை வரைந்து தள்ளினார். 1996 முதல் 2003 வரை ஆறு பாகங்களாக வந்த அவருடைய சித்திரக்கதையில் பாசம் இருக்கிறது. பயமும், அண்ணன் மேல் பொங்கும் ஆத்திரமும் அதே அளவுக்கு இருக்கின்றன.

இந்த ஆத்திரம் பாவமா? மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரம் சகோதரன் மேல் கொள்ளும் கோபத்தையும் கொலையோடு சேர்த்தே தீர்ப்புக்கு நிறுத்துகிறது. பெரியவர்கள் அதைத் தாங்கிக்கொள்ளலாம். சின்னக் குழந்தையோ, தான் நினைத்ததால்தான் நடந்தது என்று நம்பக்கூடியது. “இவன் இல்லாமல் போனால் என்ன” என்று மாலையில் நினைத்த ஒரு தங்கை, இரவில் அண்ணனுக்கு வலிப்பு வந்தால் யாரைக் குற்றவாளியாக்குவாள்? தன்னைத்தான்.

அவளுக்குத் தத்துவவாதி இமானுவேல் கான்ட் அதிக இரக்கம் காட்டுகிறார், அந்தக் கறார் மனிதரிடம் யாரும் இரக்கத்தை எதிர்பார்க்காவிட்டாலும். அன்பு ஓர் உணர்ச்சி, அதைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது என்று 1797இல் எழுதினார். கடமை செயலில் இருக்கிறது. நன்மை செய்துகொண்டே வந்தால் அன்பு பின்னால் வந்து சேரலாம் என்றும் சொன்னார்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடமைக்காகச் சிரிக்கும் முகத்தை நோயாளிப் பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதோடு, “எங்களுக்குப் பிறகு இவனை நீதான் பார்த்துக்கணும்” என்று பெற்றோர் பத்து வயதுப் பெண்ணிடம் சொல்லும்போது, அந்தக் கடமையை ஏற்க அவளுக்குச் சம்மதமா என்று யாரும் கேட்பதில்லை.