பிள்ளை ஏன் சொல்லவில்லை?

சென்னை அம்பத்தூரில் உள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் 2020 ஜனவரியில் பதிவான ஒரு வழக்கு டெல்லி வரை போனது. சிறுவர்களைச் சீரழிக்கும் ஆபாச வீடியோக்களை ஒருவர் செல்போனில் வைத்திருந்தார் என்பது புகார். தனியாகப் பார்த்தது குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தாலே, போக்சோ சட்டப்படி, பகிரும் நோக்கம் இருந்ததாகக் கொள்ளலாம் என்றது.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 'இந்த அக்கிரமத்தைப் பாருங்க' என்று நல்லெண்ணத்தில் ஃபார்வர்ட் செய்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சட்டம் இருக்கட்டும், வீட்டுக்கு வருவோம். இப்படிப்பட்ட படம், வீடியோ கேட்டு ஆன்லைனில் முகம் தெரியாத ஒருவன் மிரட்டும்போது பிள்ளை அவனுக்கு மட்டுமா பயப்படுகிறது? 'சொன்னா அம்மா போனைப் பிடுங்கிடுவாங்க' என்று நமக்கும்தான். மிரட்டுகிறவனின் பலமே அந்தப் பயம். சொன்ன அன்றே போனைப் பறித்தால் அடுத்த முறை பிள்ளை வாயே திறக்காது.

திட்டுவதைத் தள்ளி வையுங்கள். மிரட்டிய கணக்கின் பெயர், எண்ணைக் குறித்துக்கொண்டு 1098-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, நள்ளிரவிலும் எடுப்பார்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் இத்தகைய வீடியோக்கள் பற்றிப் பெயர் சொல்லாமலேயே புகார் தரலாம்.