பீடத்தில் எழுதிய கேள்வி

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு அடிலெய்ட் ஓவல் மைதானத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் இந்திய அணி 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது அங்கேதான். மைதானத்தை ஒட்டிய மேட்டின் பெயர் மான்டிஃபியோரே குன்று. அதன்மேல் ஒரு வெண்கல மனிதர் நின்றுகொண்டு, நீட்டிய கையால் ஆற்றுக்கு அப்பால் உள்ள நகரத்தைக் காட்டுகிறார். தென் ஆஸ்திரேலியாவின் முதல் தலைமை நில அளவையாளர் கர்னல் வில்லியம் லைட் அவர். அந்த நகரம் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்தவரும் அவரே. சுற்றுலா வருகிறவர்கள் அந்தக் கை காட்டும் பக்கமே திரும்பிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பீடத்தில் பொறித்திருப்பதைப் படிக்கிறவர்கள் குறைவு.

படிக்க வேண்டிய எழுத்து அது. சிலைப் பீடங்கள் பொதுவாக மெய்க்கீர்த்தி பாடும். இன்னார் இன்னது செய்தார், வாழ்க அவர் புகழ் என்பதோடு முடித்துக்கொள்ளும். லைட்டின் பீடத்தில் இருப்பது அவர் 1839-இல் வெளியிட்ட நாட்குறிப்பிலிருந்து எடுத்த பகுதி. இந்த இடத்தைத் தான் தேர்ந்த காரணங்கள் இப்போது எல்லாருக்கும் விளங்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எதிரிகள் ஒவ்வொன்றையும் மறுத்து மறுத்து முழுப் பொறுப்பையும் தன் தலையில் ஏற்றிவிட்டார்கள், அதுவும் நல்லதே, சுமக்கத் தயார் என்கிறார். தனக்கு உரியது புகழா பழியா என்பதை அவர்கள் அல்ல, பின்னால் வருகிறவர்கள் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறார். தன்னைத் தானே கூண்டில் ஏற்றிக்கொள்ளும் சிலை உலகில் எத்தனை இருக்கும்?

அன்றைய சண்டை மண்ணைப் பற்றியது அல்ல, தூரத்தைப் பற்றியது. துறைமுகத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி நகரத்தை அமைத்தது ஆளுநர் ஹிண்ட்மார்ஷுக்குப் பிடிக்கவில்லை. நன்னீர், மலையடிவாரத்து மழை, வெள்ளம் ஏறாத மேட்டு நிலம் ஆகியவை லைட்டின் காரணங்கள். 1837 பிப்ரவரியில் நிலம் வாங்கியவர்களைக் கூட்டி வாக்கெடுப்பு நடந்தது. லைட்டின் பக்கம் 218, எதிர்ப்பக்கம் 127. அடுத்த ஆண்டே அவர் பதவியை விட்டார். 1839 ஜனவரியில் அவருடைய குடில் எரிந்து குறிப்பேடுகள் பலவும் சாம்பலாயின. அக்டோபரில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 53.

அவர் விட்டுச்சென்ற கேள்விக்கு நகரம் வெகு காலம் முன்பே விடை சொல்லிவிட்டது. 1,042 மனைகள், ஒவ்வொன்றும் ஒரு ஏக்கர். அகன்ற தெருக்கள், ஆறு சதுக்கங்கள், எல்லாவற்றையும் சுற்றி ஒரு பசுமை வளையம். 1837 ஜனவரி 11-இல் தொடங்கி மார்ச் 10-க்குள் அளந்து முடித்தார்கள். வரைபடத்தில் துணை அளவையாளர் கிங்ஸ்டனின் கை எவ்வளவு என்று ஆய்வாளர்கள் வாதாடுவது தனிக் கதை. 1859-இலிருந்து மாநகராட்சியார் லைட்டின் நினைவாக மது ஏந்தி வாழ்த்தும் வழக்கம் உண்டு. 1906-இல் சிலை வந்தது. 1938-இல் விக்டோரியா சதுக்கத்திலிருந்து குன்றுக்கு ஏறியது. 2008-இல் பசுமை வளையமும் தெரு அமைப்பும் தேசிய மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. துறைமுகமா ஆற்றங்கரையா என்ற வழக்கில் லைட் வென்றுவிட்டார்.

கல்லில் எழுதாத வழக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தச் சமவெளி கௌர்னா மக்களுடையது. நகரம் எழுந்த இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் தார்ன்தான்யா, செங்கங்காருவின் இடம். 1834-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்த மண்ணை ஆளில்லாத தரிசு என்று வருணித்தது. லைட் அங்கே கால் வைக்கும் முன்பே, லண்டனில் 437 நிலப் பத்திரங்கள் விற்றுவிட்டன; ஒவ்வொன்றுக்கும் நகரத்தில் ஒரு ஏக்கரும் வெளியே விளைநிலமும். இன்ன இடம் என்று யாருக்கும் தெரியாது, விற்றவர்களும் கண்டதில்லை. கண்ணால் காணாத நிலத்துக்குப் பத்திரம் எழுதிக் கையெழுத்தும் ஆன பிறகு, அந்தப் பத்திரத்துக்கு ஏற்ற நிலத்தைக் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவர்தான் அளவையாளர்.

இங்கே வழக்கமாக ஒரு சமாதானம் வரும்: அவர் அந்தக் காலத்து மனிதர், இன்றைய அளவுகோலை அங்கே கொண்டுபோய் வைக்கக் கூடாது. நியாயம்தான். அப்படியானால் அந்தக் காலத்து அளவுகோலையே வைத்துப் பார்க்கலாம். 1836 பிப்ரவரியில் அரசர் பெயரால் வந்த சாசனம், அந்த மாகாணத்தின் பூர்வகுடிகளும் அவர்கள் வழித்தோன்றல்களும் தாங்கள் வாழ்ந்து அனுபவிக்கும் நிலத்தின்மேல் கொண்ட உரிமையை எதுவும் பாதிக்காது என்று சொல்லிற்று. மை காய்ந்து ஓராண்டு ஆகுமுன் முளைக்குச்சிகள் ஊன்றப்பட்டன. அந்த உரிமை அக்காலத்து அறிவுக்கு எட்டாத ஒன்றல்ல. எழுதி, முத்திரையிட்டு, கப்பலேற்றி, கரையில் இறக்கிய பிறகு மறந்த ஒன்று.

இரண்டாவது சமாதானம் இன்னும் கனமானது. அவர் அளந்தார், அவ்வளவே. விற்றவர்கள் லண்டனில், விரட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள். நில அளவையாளர் யாரையும் விரட்டுவதில்லை என்பது உண்மை. அவர் நட்ட கல்லைக் காட்டித்தான் மற்றவர்கள் விரட்டுகிறார்கள். நம் ஊர்களிலும் சங்கிலி பிடித்தவரின் மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. கோடு போட்டது காகிதத்தில், சண்டை நடப்பது வரப்பில். ஆனாலும் கோடு இல்லாமல் அந்தச் சண்டைக்கு வடிவமே கிடைக்காது. லைட்டுக்கு லண்டன் குடியேற்ற ஆணையர்கள் தந்த அதிகாரம் இடத்தைத் தேர்கிற அதிகாரம். எந்த இடமும் வேண்டாம் என்று சொல்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. ஆகவே முதல் பழி அவருடையதாக முடியாது. விற்றவர்களுக்கும் விற்பனையை அனுமதித்தவர்களுக்கும் அது போகட்டும். எனினும் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று பெருமையோடு எழுதியவரும் அவரே. தண்ணீருக்கும் மேட்டுக்கும் மட்டும் பொறுப்பு, அங்கே இருந்த மனிதர்களுக்கு இல்லை என்று அவர் சார்பில் நாம் கணக்கைப் பிரித்துத் தருவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அந்தத் தண்ணீரும் மேடும் கூடத் தனியாக நின்றவை அல்ல. வந்திறங்கிய ஆங்கிலேயர்கள் சமவெளியைக் கண்டு, சீமான் வீட்டுப் பூங்காவைப் போல மரம் விட்டு மரம் புல்வெளியாக இருக்கிறதே என்று வியந்தார்கள். அது தானாக அப்படி இருக்கவில்லை. கௌர்னா மக்கள் பருவம் பார்த்துப் புதரை எரித்து, புல் தழைக்கவும் விலங்கு மேயவும் தலைமுறை தலைமுறையாகப் பேணிய நிலம் அது. இன்று லைட்டின் பசுமை வளையத்தைப் பாராட்டும்போது, அவர் வருமுன்பே அங்கே இருந்த உழைப்பையும் அறியாமல் பாராட்டுகிறோம். அவர் கணக்கில் அந்த உழைப்பு இயற்கை என்ற பெயரில் சேர்ந்துகொண்டது.

அவருடைய தந்தையின் கதையையும் இங்கே கொஞ்சம் நினைக்கலாம். வில்லியம் பிறந்தது 1786-இல், கெடாவில். அதே ஆண்டுதான் தந்தை பிரான்சிஸ் லைட் கெடா சுல்தானிடமிருந்து பினாங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பெற்றார். சுல்தான் எதிர்பார்த்த படைத்துணையைக் கம்பெனி கொடுக்கவே இல்லை. சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா வணிகர்கள் தொடக்கத்திலேயே குடியேறிய ஊர் என்பதால், பினாங்கு தமிழருக்கு வேற்று ஊர் அல்ல. அங்கே கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் சிலைக்குத் தந்தையின் படம் எதுவும் கிடைக்காததால், மகனின் முகத்தைப் பார்த்து வார்த்தார்கள் என்று சொல்வார்கள். உண்மையானால், கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் நிற்பது ஒரே முகம்.

சிலையை என்ன செய்வது? 2020-இல் பிரிஸ்டல் நகரத்தில் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். அந்த வழி இங்கே பொருந்தாது. கோல்ஸ்டன் செய்த கொடுமை வேறு என்பது ஒரு காரணம். இன்னொன்று, இங்கே உண்மையான நினைவுச்சின்னம் வெண்கலத்தில் இல்லை. குன்றைக் காலி செய்தாலும் தெருக்கள் அப்படியே இருக்கும். நடக்கிறவர் ஒவ்வொருவரும் லைட்டின் கோட்டின் மேல்தான் நடப்பார். பெயர்களைத் திருப்பித் தருவது நடந்திருக்கிறது. விக்டோரியா சதுக்கத்துக்குத் தார்ன்தான்யாங்கா என்ற பெயரும், டாரன்ஸ் ஆற்றுக்குக் கரவிரா பாரி என்ற பெயரும் 2000-களின் தொடக்கத்தில் சேர்ந்தன. 2018 மார்ச்சில் கூட்டாட்சி நீதிமன்றம் கௌர்னா மக்களின் பூர்வ நில உரிமையை ஏற்றது; அதுவும் எஞ்சியிருந்த சில துண்டு நிலங்களில் மட்டும். பெயரைத் தருவது எளிது, மண்ணைத் தருவது அரிது என்ற கசப்பு இதில் இருக்கிறது. ஆனாலும் பெயர் ஒன்றுமில்லாதது என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. சரளமாகப் பேசுகிறவர் எவரும் மிஞ்சாமல் அறுபது ஆண்டு கிடந்த மொழியை ஒரு சமூகம் பழைய ஏடுகளிலிருந்து மீட்டெடுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெயர்கள் வெறும் பலகைகள் அல்ல.

பின்னால் வருகிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதியபோது, லைட்டின் மனத்தில் இருந்தவர்கள் குடியேறிகளின் பிள்ளைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும். எழுத்து அப்படி வரம்பு கட்டவில்லை. சிலையின் அருகே நின்று, அந்தக் கை காட்டும் பக்கத்திலிருந்து கழுத்தைக் கொஞ்சம் வலப்புறம் திருப்பினால், கீழே ஆற்றின் வடகரை தெரியும். பில்தவாட்லி என்ற கௌர்னா குடியிருப்பு அங்கேதான் இருந்தது. டைஷல்மன், ஷூர்மன் என்ற இரண்டு ஜெர்மானியப் பாதிரியார்கள், லைட் இறந்து இரண்டு மாதத்தில், அங்கே கௌர்னா மொழியிலேயே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். 1845-இல் அது மூடப்பட்டது, குடிசைகளையும் இடித்தார்கள். பாதிரியார்கள் 1840-இல் அச்சிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும்தான் இன்றைக்கு அந்த மொழியை மீட்கிறவர்களுக்குக் கையேடு. ஆற்றங்கரையில் அந்தப் பள்ளிக்கும் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். அதில் பிள்ளைகள் ஆளுநருக்குக் கௌர்னாவில் எழுதிய கடிதம் பொறித்திருக்கிறது.