சுவரில் முளைத்த அரசு

பசறையைக் கடந்து பிபிலையை நோக்கி இறங்கும் பெருவீதியில், மலைக்குளிர் மெல்ல விலகிக் கீழ்நாட்டு வெம்மை முகத்திற்படத் தொடங்கும் இடத்தில் அமைந்த லுணுகலையையும், அதனைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களையும் கால்நடையாகச் சுற்றிப் பார்ப்பவர் ஒரு விஷயத்தைக் கவனியாதிருக்க முடியாது. அரசும் ஆலும் இத்தியும் மனிதர் நட்ட இடங்களைக் காட்டிலும் நடாத இடங்களிலேயே மிகுதியாக வேர்கொண்டு நிற்கின்றன. பழைய லயத்தின் கருங்கல் அத்திவாரத்தில், பூட்டிக் கிடக்கும் ஸ்டோரின் சுவர் வெடிப்பில், பீலிக்கரையின் கல்லிடுக்கில், மாரியம்மன் கோயில் விமானத்துச் சுதைச்சிற்பத்தின் தோளில், மண் என்று சொல்லத்தக்கது ஒரு பிடியும் இல்லாத இடங்களில், இரண்டிலை விட்ட கன்று ஒன்று எப்படியோ வந்து நிற்கிறது.

அந்தக் கன்றை என்ன செய்வது என்பது வேலை சம்பந்தமான சிறு கேள்வியாகத் தோன்றலாம். உண்மையில் அது சமயம் பற்றிய பெருங் கேள்வி. “அது சாமி மரம், கை வைக்காதே” என்பார்கள் லயத்துப் பெரியவர்கள். இன்றே பிடுங்காவிட்டால் பத்து வருஷத்திற் சுவர் இராது என்பார் மேசன். இருவர் சொல்வதும் மெய். ஆயின், ஒரு மரத்தின் புனிதம் அதன் ஜாதியிலேயே பிறவிக்குணமாக உறைவதா, அன்றி அது நிற்கும் இடத்தாலும் மனிதர் செய்யும் பிரதிஷ்டையாலும் அதற்கு வந்து சேர்வதா? முன்னதே உண்மையென்றால் சுவரில் முளைத்ததும் சுவாமியே. பின்னதே உண்மையென்றால் அது களை.

நமது மரபு இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டிருந்தால் விடை எளிதாயிருக்கும். சைவக் கோயில்களில் நால்வர் வரிசையில் நிற்கும் திருநாவுக்கரசரின் கையில் இருப்பது உழவாரம்; பிராகாரத்துப் புல்லையும் பூண்டையும் செதுக்கி அகற்றும் கருவி அது. கோபுரத்தில் எழும் கன்றை வேரோடு களைவது அந்தத் தொண்டின் வழிவந்த கடமையே. அதே சைவம், மௌனமாய் உபதேசித்த தக்ஷிணாமூர்த்தியைக் கல்லால மரத்தின் கீழ் இருத்துகிறது. கோணேஸ்வரத்தின் தலவிருட்சமாகக் கல்லாலையே போற்றுகிறது. அரசமரத்தடியிற் பிள்ளையாரை வைத்து வலம் வருகிறது. பகவத் கீதையிலும் இந்த இருமையே காணக்கிடக்கிறது. பத்தாம் அத்தியாயத்தில் மரங்களுள் தான் அசுவத்தம் என்று கூறும் பகவான், பதினைந்தாம் அத்தியாயத்தில் வேர் மேலும் கிளை கீழுமாய்ப் படர்ந்த அசுவத்தமாகிய சம்சாரத்தைப் பற்றின்மை என்னும் ஆயுதத்தால் வெட்டுமாறு அருச்சுனனுக்கு உரைக்கிறார். வணங்கப்படுவதும் வெட்டப்படுவதும் ஒரே மரம். இதனை முரண்பாடு என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. பற்றிக்கொள்ளும் ஆற்றல் எங்கே அளவிறந்து நிற்கிறதோ அங்கே தெய்விகமும் அபாயமும் ஒருங்கே நிற்கின்றன என்பதை அறிந்தவர்களே இம்மரத்தை அவ்விரண்டிற்கும் உவமையாக எடுத்திருக்க வேண்டும்.

அந்த ஆற்றல் எத்தகையது என்பதைச் சற்று விரித்துக் காண்பது தகும். அரசும் ஆலும் இத்தியும் அடங்கிய அத்தி இனத்தில் உலகெங்கும் 750-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றின் பூக்கள் வெளியே மலர்வதில்லை. காய் என்று நாம் காண்பதன் உட்சுவரிலேயே மறைந்து மலர்கின்றன. எள்ளினுஞ் சிறிய குளவி ஒன்று காயின் நுனித்துளை வழியே, சிறகு முறிய உள்ளே புகுந்து, மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, பெரும்பாலும் அங்கேயே உயிர்விடுகிறது. பெரும்பாலும் ஒவ்வொரு வகைக்கும் உரிய குளவி தனியே உண்டு. அக்குளவி இல்லாத தேசத்தில் மரம் செழித்துக் காய்த்தாலும் முளைக்கும் வித்து உண்டாவதில்லை. ஹவாய்த் தீவுகளில் காடு வளர்க்க விரும்பியவர்கள், 1920-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலிய அத்தி ஒன்றிற்குரிய குளவியை அதன் தாய்நாட்டிலிருந்து வருவித்த பின்னரே அம்மரம் அங்கே தன் வித்தினின்று முளைத்துப் பெருகிற்று. இனி, வித்துண்டான கனியைக் குக்குறுவானோ மைனாவோ வௌவாலோ தின்று, எச்சமிட்ட இடத்திற் பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தைத் தேக்கி வைத்திருந்தாலன்றிக் கன்று எழாது. ஆகவே லயத்துச் சுவரில் நிற்கும் அந்த இரண்டிலைக்குப் பின்னால், எங்கோ ஒரு தாய்மரமும், உள்ளே புகுந்து மாண்ட குளவியும், பசித்த பறவையும், மழையும், சுவர் கட்டிய கூலித் தொழிலாளியின் கையும் நிற்கின்றன.

சாந்தோக்கிய உபநிஷத்தில் உத்தாலகர் தம் மைந்தன் சுவேதகேதுவை ஆலம்பழம் ஒன்று கொண்டுவரச் செய்து, அதைப் பிளக்கச் செய்து, உள்ளிருந்த வித்தையும் பிளக்கச் செய்து, என்ன காண்கிறாய் என்று வினவுகிறார். ஒன்றும் காணவில்லை என்கிறான் மகன். அந்தக் காணாத நுண்மையிலிருந்தே இப்பெருமரம் எழுந்தது, அதுவே நீ என்பது தந்தையின் உபதேசம். வித்தின் நுண்மையைப் பேசிய அந்த ரிஷி, வித்து முளைப்பதற்குரிய பிற உயிர்களைப் பேசவில்லை. ஆயினும் சர்வமும் ஒன்றில் நிலைபெற்றது என்ற அவர் கொள்கைக்கு இம்மரத்தினும் நேரான சாட்சி வேறு இருக்கக்கூடும் என்று நான் நினைக்கவில்லை.

பௌத்தர்களுக்கும் இதே சங்கடம் நேர்ந்தது. அதனை அவர்கள் நுணுக்கமாகவே ஆராய்ந்தனர். பயிர்பச்சையை ஊறு செய்வது விநய விதிகளின்படி பிக்குவுக்குக் குற்றம்; அதிலும் போதி, புத்தர் பயன்கொண்ட பொருள் என்ற வகையிற் சைத்தியமாகவே வழிபடப்படுவது. அநுராதபுரத்திற்கு அனுப்பத் தென்கிளை வேண்டியிருந்தபோது அசோகன் அதன்மேல் ஆயுதம் வைக்கவில்லை என்றும், மனோசிலையாற் கோடிட்டுப் பிரார்த்தித்தபோது கிளை தானே பிரிந்தது என்றும் மகாவம்சம் கூறுகிறது. வெட்ட அஞ்சிய மனத்தின் கூச்சம் அந்தக் கதையில் நன்றாகத் தெரிகிறது. ஆனால் பாளி உரையாசிரியர்கள் அச்சத்தோடு நின்றுவிடவில்லை. தாது வைத்த தூபிக்கு இடையூறு செய்யும் கிளையை நீக்கலாம் என்றும், மரத்தின் நலத்தின்பொருட்டு அழுகிய பகுதியை அகற்றலாம் என்றும் அவர்கள் அனுமதித்தனர். எனவே வழிபடப்படும் மரத்தைத் தொடுவது தன்னளவிற் பாவமாகாது. எதன்பொருட்டுத் தொடுகிறோம் என்பதே கேள்வி.

மேலும் சொல்வதானால், அரசின் வரலாறே பெயர்த்து நடுதலின் வரலாறுதான். கி.மு. 3ஆம் நூற்றாண்டிற் சங்கமித்தை கொணர்ந்த கிளை ஜம்புகோளத்துறையில் இறங்கி, அநுராதபுரத்தில் ஊன்றப்பட்டு, அதன் கனிகளினின்று எழுந்த முதல் எட்டுக் கன்றுகள் எட்டு இடங்களுக்கு அனுப்பப்பட்டன என்பது மகாவம்ச வரலாறு. அவ்விடங்களுள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஜம்புகோளம் ஒன்று. நமது ஊவாவின் கதிர்காமம் ஒன்று. திவக்கன் என்னும் பிராமணனின் ஊர் மற்றொன்று. முதற் பங்கீட்டிலேயே ஒரு பிராமணனின் ஊருக்குக் கன்று சென்றது என்பதை, இம்மரத்தை ஒரு சமூகத்திற்கே உரியதென்று கொள்வோர் யாவரும் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். பின்னர் 1876-இல் புத்தகயாவின் மரம் புயலிற் சாய்ந்தபோதும், அதன் வழிவந்த இளங்கன்றே அவ்விடத்தில் ஊன்றப்பட்டது. நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் இவ்வழிபாடு நமக்கு வந்து சேர்ந்திராது.

ஆகவே சுவரில் முளைத்த கன்றை அச்சத்தால் அங்கேயே விட்டுவைப்பது பக்தியன்று என்பதே என் துணிபு. நாம் கடமையிலிருந்து விலகிக்கொண்டு, அந்த விலகலுக்குப் பக்தி என்று பெயரிடுகிறோம். விட்டுவைத்தால் சுவர் பிளக்கும். ஒருநாள் கூரையைக் காப்பாற்ற வேண்டி, பருத்துவிட்ட மரத்தையே வெட்ட நேரும். பிடுங்கி எறிவதோ அத்தனை உயிர்களின் உழைப்பையும் எறிவது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதற்குப் பொறுமைதான் வேண்டும். கன்று விரற்பருமன் ஆகுமுன், வேர் நுழைந்த சாந்தையும் சேர்த்துப் பெயர்த்தெடுத்து, இலைகளிற் பாதியைக் கழித்து, ஈரம் காயாத நிழலிற் சட்டியில் வைத்துத் தேற்ற வேண்டும். ஊவாவுக்கு நல்ல மழை ஐப்பசியிலிருந்து தை வரையில்தான். ஆடி ஆவணியின் வறட்டுக் காற்றிற் பெயர்த்தவை அநேகமாகப் பிழைப்பதில்லை. வேர் இற்றுவிட்டால், ஆல் போத்திலேயே தழைக்கும். அரசுக்குப் பதியம் உத்தமம். நடும் இடம் கட்டடத்திற்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வெகுதூரத்தில் இருக்கட்டும்.

இடம் என்றதும், வாதம் எளிதாக முடிவதில்லை. லயத்தில் வாழும் குடும்பத்திற்குச் சொந்தமாக ஒரு மரம் நட நிலம் ஏது? ஏழு பேர்ச் காணிக்கே தலைமுறைகள் காத்திருந்தவர்கள், முதிர்ந்தால் அதற்கு மேலும் நிழல் பரப்பும் விருட்சத்தை எங்கே ஊன்றுவார்கள்? இதனினும் வேதனையான விஷயம் ஒன்று உண்டு. இந்நாட்டில் அரசு நடுவது சில வேளைகளில் வழிபாடாக இராமல் நிலத்தின்மீது உரிமை நாட்டும் செயலாகி, அயலாரின் நெஞ்சில் அச்சத்தை விதைக்கிறது. அவ்வச்சம் காரணமாகவே தோட்டத்துத் தமிழர் சிலர் தம் எல்லையில் தானே எழுந்த கன்றையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். பறவை இட்ட வித்துக்கு அந்த வழக்கில் யாதொரு பங்கும் இல்லை.

லுணுகலைப் பகுதியின் ஓடைக்கரைகளிலே தேயிலை வையாது விட்ட நிலம் உண்டு. அத்தியும் பேயத்தியும் அங்கே இயல்பாகவே வளரும். சுவர்களிலிருந்து மீட்ட கன்றுகளுக்கு அந்த ஓரத்தில் ஒரு துண்டை ஒதுக்குமாறு தோட்ட நிர்வாகங்களிடம் கேட்கலாம். சிலையோ சூலமோ வேலியோ பெயர்ப்பலகையோ அங்கே கூடாது. மரங்கள் மட்டும் போதும். அந்த விண்ணப்பத்திற் கோயில் பரிபாலன சபைத் தலைவரும், அயற்கிராமத்து விகாரையின் தேரரும் ஒரே தாளிற் கையொப்பமிட வேண்டும் என்பதே நான் முன்வைக்கும் நிபந்தனை.